கலவரக் காலமும் கைப்பேசியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கையும் ஆண்டறிக்கையும் வாசிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியுள்ள நேரத்தில் ஒரு பொருள் குறித்து உங்களோடு பேசக் கடமைப்பட்டுள்ளோம். கலவரமோ குண்டுவெடிப்போ துப்பாக்கிச் சூடோ நிகழும் நேரத்தில் நம் கையிலுள்ள கைப்பேசி என்ன செய்கிறது, நாம் அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே அப்பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், பதற்றம் நிலவிய ஓர் இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் நம் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஒரு கும்பல் வந்துகொண்டிருக்கிறது, கடைகளை அடையுங்கள், பெண்களையும் பிள்ளைகளையும் புதுச்சேரிக்கு அனுப்பிவிடுங்கள் என்றது அக்குரல். கால் மணி நேரத்தில் கடைகள் அடைக்கப்பட்டன. இளைஞர்கள் தெருமுனையில் திரண்டனர். அவ்வழியே வந்த ஒரு சரக்கு வண்டியை மறித்து, ஓட்டுநரைக் கீழே இறக்கி, யார் நீ, எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கினர். அவர் முட்டை ஏற்றி வந்தவர். பதில் சொல்லும்போது அவருக்கு நாக்குழறியது. அக்குழறலே சிலருக்குச் சான்றாகத் தோன்றியது. பெரியவர்கள் இருவர் ஓடிவந்து இடையில் நின்றிராவிட்டால் அன்று என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

மறுநாள் அந்தப் பதிவின் மூலத்தைத் தேடினோம். அனுப்பியவரைக் கேட்டால் பாரீசில் உள்ள மைத்துனர் அனுப்பினார் என்றார். மைத்துனரைக் கேட்டால் துபாயில் உள்ள நண்பர் என்றார். துபாய் நண்பருக்கு அனுப்பியவரோ நம் அடுத்த தெருவில் இருந்தார்! ஊர் அமைதியாக இருக்கிறதே, ஏதும் வந்துவிடுமோ என்று அவர் ஒருவரிடம் அச்சத்தோடு சொன்னது, கடல் கடந்து சென்று, வந்துவிட்டது என்ற உறுதிச் செய்தியாக நமக்கே திரும்பி வந்திருக்கிறது. கும்பல் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அது நம் தெருமுனையில் நின்ற கும்பல்தான்.

சகோதரர்களே! ரமளான் பிறை கண்டதாக ஒரு செய்தி வந்தால் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? பார்த்தவர் யார், எந்த ஊரில் நின்று பார்த்தார், எத்தனை பேர் பார்த்தனர், நம்பத்தக்கவர்தாமா என்று கேட்கிறோம். தலைமை காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறோம். ஒரு நாள் நோன்புக்கும் ஒரு பெருநாளுக்கும் இவ்வளவு விசாரணை! நிக்காஹ்வுக்குச் சாட்சி இல்லாமல் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதில்லை. ஆனால் இரத்தம் சிந்தக்கூடிய ஒரு செய்தி வந்தால் யாரையும் எதையும் கேளாமல் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். இன்று நாம் சொல்ல வந்தது இது ஒன்றே: ஒரு செய்தியை அனுப்புகிறவர் அச்செய்திக்குச் சாட்சி சொல்கிறார். சாட்சி சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பின்னரே விரல் அசைய வேண்டும்.

அண்டை ஊர்கள் தந்த பாடம்

கள்ளக்குறிச்சி 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இணைந்திருந்த பகுதி. அங்கே சின்னசேலம் அருகிலுள்ள கனியாமூரில் 2022 ஜூலை 13 அன்று ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் பயின்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்து கிடந்தார். பெற்ற வயிறு எரிந்தது. நீதி கேட்டு உறவினர் போராடினர். அது அவர்களது உரிமை. ஆனால் நான்கே நாட்களில் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அழைப்புகள் பரவின. அந்தக் குடும்பத்தை அறியாதவர்களும் ஜூலை 17 ஞாயிறன்று திரண்டு வந்தனர். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவல்துறை வாகனங்கள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. மேசை, நாற்காலி, மின்விசிறிகளைக் கூடச் சிலர் தூக்கிச் சென்றனர். அந்தப் பள்ளியில் பயின்ற மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் கருகின. இறந்துபோன ஒரு பிள்ளைக்கு நீதி கேட்பதாகச் சொல்லி உயிரோடிருக்கும் பிள்ளைகளின் படிப்பைக் கொளுத்திய கொடுமை அது!

மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் இது திடீரென மூண்ட ஆத்திரமன்று, திட்டமிட்டு நடந்தது என்ற கருத்தை வெளியிட்டது. ஊடகங்கள் தனி விசாரணை நடத்துவதையும் கண்டித்தது. நீதிமன்ற உத்தரவின்படி மறு உடற்கூறாய்வு நடந்தது. நம் ஊருக்கு அருகிலுள்ள ஜிப்மர் மருத்துவர் குழுவிடம் அறிக்கைகள் ஆய்வுக்கு அளிக்கப்பட்டன. மருத்துவர்கள் ஆராய்வதற்கு முன்பே யூடியூப் அலைவரிசைகள் பல தீர்ப்பு எழுதி முடித்துவிட்டன. அம்மரணத்தின் உண்மையைக் கூறுவது நம் வேலையன்று, அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. கைதானவர்கள் நூற்றுக்கணக்கானோர், அவர்களில் இளைஞர்களே மிகுதி. வீரமாக எண்ணி எடுத்த காணொளிகளே பலரை அடையாளம் காட்டின.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2018 மே மாதம், நம் அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில் நடந்தது இன்னும் வேதனை தருவது. வடமாநிலக் கும்பல் பிள்ளைகளைக் கடத்துகிறது என்ற வாட்ஸ்அப் செய்தி அப்போது வட மாவட்டங்கள் முழுவதும் பரவியிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி, போளூர் அருகே அத்திமூர் பகுதியில் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினார். அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுவே குற்றமாயிற்று. கும்பல் சூழ்ந்து அடித்ததில் அவர் உயிரிழந்தார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அடித்தவர்கள் எல்லோரும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணியவர்கள். நம் தெருமுனையில் முட்டை வண்டியை மறித்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்.

கடலுக்கு அப்பால்

இலங்கையில் நம் சமுதாயம் பட்ட துன்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர், குழம்பில் கட்டியாக ஏதோ கிடப்பதாகக் கூச்சலிட்டார். கருத்தடை மாத்திரை கலந்தாயா என்று கூட்டம் சூழ்ந்து கேட்டது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. கேள்வி புரியாமல், அச்சத்தில் ஆமாம் என்பதுபோல் ஏதோ சொன்னார். அது படம்பிடிக்கப்பட்டு முகநூலில் ஏறியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரசின் பகுப்பாய்வுத் துறை பின்னர் அறிவித்தது. அதற்குள் தீ கண்டி மாவட்டத்தின் திகனைக்குப் பரவிவிட்டது. மார்ச் தொடக்கத்தில் அங்கே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த வருத்தத்தால் எரிந்த வீடு எழுந்து நிற்குமா?

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. இஸ்லாத்தின் பெயரால் அதைச் செய்தவர்களின் உடல்களை எங்கள் பள்ளிவாசல்களில் ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அரசு அன்றே சமூக வலைத்தளங்களை முடக்கியது. பொய் நின்றதோ இல்லையோ, வெளிநாட்டில் இருந்தவர்கள் தம் உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று அறிய வழியின்றித் தவித்தனர். சில நாட்களில் தேடப்படுவோர் எனக் காவல்துறை வெளியிட்ட படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் மாணவியுடையது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. காவல்துறை தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் அவர் முகம் உலகம் சுற்றிவிட்டது. அதிகாரப்பூர்வச் செய்தியிலும் பிழை நேரும் என்றால், அனுப்பியவர் பெயரே இல்லாத செய்தியை என்னவென்று சொல்வது?

மே 12 அன்று சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வணிகர் முகநூலில் எழுதிய ஒரே வரி, மிரட்டலாகப் பொருள் கொள்ளப்பட்டது. அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்னும் கருத்தில் அமைந்த அரைகுறை ஆங்கில வரி அது. அவர் என்ன எண்ணி எழுதினாரோ அல்லாஹ்வே அறிவான். அடுத்தடுத்த நாட்களில் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஓர் உயிரும் போயிற்று. ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது நாம் எழுதும் சொல்லுக்கு நாம் நினைத்த பொருள் மட்டும் இருப்பதில்லை, படிப்பவர் அச்சம் தரும் பொருளும் சேர்ந்துகொள்கிறது.

நம் பக்கத்துப் பிழை

பிறர் செய்ததை மட்டும் பேசுவது நீதியாகாது. 2020 ஆகஸ்ட் 11 இரவு பெங்களூருவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் முகநூல் பதிவு ஒன்று பரவியது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உறவினர் அதை வெளியிட்டதாகச் சொல்லப்பட்டது. உள்ளம் கொதிப்பது இயல்பு. புகார் அளித்து வழக்குத் தொடர வழி இருந்தது. ஆனால் திரண்ட கூட்டம் அந்த உறுப்பினரின் வீட்டையும் காவல் நிலையத்தையும் தாக்கித் தீ வைத்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைதாயினர். கடுமையான சட்டப் பிரிவுகளால் பலர் நீண்டகாலம் சிறையில் வாடினர். அவர்களின் தாய்மார்கள் வழக்கறிஞர் வாசலில் நின்றனர். அந்தப் பதிவை முதலில் ஆயிரம் பேருக்குக் கொண்டு சேர்த்தது எதிரியா, நாமா? கண்டிக்கிறோம் என்ற பெயரில் நாமே அதைச் சுமந்து திரிந்தோம்.

அதே இரவில், அதே பகுதியில், ஒரு கோயிலைக் கும்பல் நெருங்கிவிடாதபடி முஸ்லிம் இளைஞர்கள் கைகோத்து அரணாக நின்றார்கள். அதுவும் கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் சென்றது. கருவி ஒன்றே, கைகள்தாம் வேறு.

மௌனம் சாதிக்கச் சொல்கிறோமா?

அப்படியானால் அநீதியைக் கண்டால் வாய்மூடி இருக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தூத்துக்குடியை எண்ணிப் பாருங்கள். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் பேரணி சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டது. அத்துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் உயிரிழந்தனர். சாதாரண உடையில் ஒருவர் காவல் வாகனத்தின் மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சி படமாகப் பதிவாகி உலகெங்கும் சென்றது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. ஆனாலும் கண்ட காட்சி அழியவில்லை. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து அளித்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது காவல்துறையின் செயலைக் கடுமையாகக் குறை கூறியது. நேரில் கண்டு பதிவு செய்தவர் சாட்சி. அவரது பதிவு அமானிதம். அதை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், நாளும் நேரமும் இடமும் குறித்துப் பாதுகாத்து, வழக்கறிஞரிடமும் விசாரணை அமைப்பிடமும் ஒப்படைப்பது கடமை. கேட்டதைப் பரப்புவது வேறு, கண்டதைச் சான்றாக வைப்பது வேறு.

இறந்தோரின் படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்கு வந்த நம் சகோதரர்களை ஒருவன் சுட்டான். இரு பள்ளிவாசல்களிலும் 51 பேர் ஷஹீதாயினர். அவன் அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் கூறியது. அத்தனை பிரதிகளையும் பரப்பியவர்கள் அவனுடைய கூட்டாளிகளா? துஆச் செய்யுங்கள் என்று எழுதி அனுப்பியவர்களில் நம்மவர்களும் இருந்தார்களே! உலகம் பார்க்க வேண்டும் என்பதே கொலைகாரனின் விருப்பம். அதை நாமே நிறைவேற்றி வைத்தோம். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போதும் மறைக்க வேண்டியதை மறைக்கும் மார்க்கம் நம்முடையது. சிதைந்த உடலைப் படமாக்கி அனுப்பும்முன், அது நம் தகப்பனாரின் உடலாயிருந்தால் அனுப்புவோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கமும் சட்டமும்

உஹதுப் போர்க்களத்தில் நபி (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற பொய்ச் செய்தி பரவியதும் வீரர்கள் சிலர் மனமொடிந்து போனார்கள் என்பது வரலாறு. வாளால் விழாதவர்களை ஒரு வதந்தி வீழ்த்தப் பார்த்தது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 83ஆம் வசனம், பாதுகாப்பு அல்லது அச்சம் தொடர்பான செய்தி வந்ததும் பரப்பிவிடுவோரைக் கண்டித்து, பொறுப்பிலுள்ளோரிடமும் ஆராய்ந்து அறிவோரிடமும் அதைக் கொண்டு செல்ல வேண்டும் என்ற கருத்தைப் போதிக்கிறது. இன்றைய நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் வேண்டுமா?

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகரின் முன்பிணை மனுவில், 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று கூறியது. வழக்கை ரத்து செய்யக் கோரிய மனுவை 2023இல் தள்ளுபடி செய்தபோதும், பகிர்ந்தவரே விளைவைச் சந்திக்க வேண்டும் என்றது. எனக்கு வந்ததை அனுப்பினேன் என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. மறுமையிலும் நிற்குமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கும் அச்சம் விளைக்கும் வதந்தி பரப்புவதற்கும் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 ஆகிய பிரிவுகள் உள்ளன. வெளிநாட்டு வேலைக்கோ கடவுச்சீட்டுக்கோ முயலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கு எத்தனை ஆண்டுகளைப் பறிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜமாஅத்தின் வேண்டுகோள்

ஆகவே பதற்றமான நேரங்களில் கீழ்க்கண்டவாறு நடந்துகொள்ள வேண்டுகிறோம்.

1. அனுப்பியவரிடம், நீங்கள் கண்டீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலமுறை கைமாறி வந்தது. அதைக் கண்டால் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

2. ஊருக்கு ஆபத்து என்ற செய்தி எதுவாயினும் முதலில் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லுங்கள். காவல் நிலையத்தோடும், நம்மோடு வாழும் இந்து, கிறிஸ்தவப் பெரியவர்களோடும் பேசி உண்மை அறிவது எங்கள் பொறுப்பு. அறிந்ததைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரோடு அறிவிப்போம். செய்தி பொய்யென்றால் பொய்யென்றும் அறிவிப்போம்.

3. எந்தச் சாலை அடைபட்டுள்ளது, எந்த மருத்துவமனைக்கு இரத்தம் தேவை, யார் வீடு திரும்பவில்லை போன்ற பயனுள்ள செய்திகளைத் தாராளமாக அனுப்புங்கள். நேரமும் சொன்னவர் பெயரும் சேர்த்து எழுதுங்கள். நிலைமை மாறியதும் பழைய செய்தியை நீக்கிவிடுங்கள். உயிர் ஆபத்தில் குழுவில் எழுதிக்கொண்டிராமல் 112க்கோ 108க்கோ அழையுங்கள்.

4. நம்மை இழிவுபடுத்தும் பதிவைக் கண்டால் அதைப் பரப்பாமல், முகவரியையும் படத்தையும் எடுத்து நிர்வாகிகளிடம் தாருங்கள். முறைப்படி புகார் அளிப்போம்.

5. பிரான்சிலும் வளைகுடாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உள்ள சகோதரர்களே! ஊர் நினைவால் நீங்கள் படும் கவலையை அறிவோம். தொலைவில் இருப்பவர்க்கு அச்சம் அதிகம். குழுவில் கேட்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு அழைப்பு விடுங்கள். உங்கள் தாயாரின் குரலைவிட உறுதியான செய்தி வேறில்லை.

6. நீங்களே தவறான செய்தி அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே இடத்தில், நான் அனுப்பியது தவறு என்று எழுதுங்கள். அதில் இழுக்கில்லை.

அந்த முட்டை வண்டி ஓட்டுநர் இன்றும் நம் ஊர்க் கடைகளுக்குச் சரக்குக் கொண்டு வருகிறார். அன்று மறித்தவர்களில் ஒருவர் பின்னர் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டதாக அறிந்து மகிழ்ந்தோம். மன்னிப்புக் கேட்க ஆள் உயிரோடிருந்தது அல்லாஹ்வின் கிருபை. அத்திமூரில் அந்த வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை.

அடுத்த பதற்றமான இரவு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும்போது நம் ஊர் மக்கள் பிறைக்குக் கேட்கும் கேள்வியையே செய்திக்கும் கேட்க வேண்டும். நம் நாவையும் விரலையும் தீமையிலிருந்து காத்து, நம் ஊரையும் அண்டை ஊர்களையும் அமைதியில் நிலைபெறச் செய்ய வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.